இணையத்தில் பகிரும் முன் படத்தை நீங்களே குறைப்பது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

கும்பகோணம் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிப் பெரியபுராணக் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கும். இரண்டாம் ராசராசன் காலத்து வேலை, 12-ஆம் நூற்றாண்டு. எந்தச் சிற்பம் யாருடைய கதை என்று கல்லிலேயே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். போன முறை போனபோது ஒரு வரிசை முழுவதையும் ஒரே படமாக எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். என் போனில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் பெரியப்பா திருப்பிக் கேட்டார்: “கல்லுல ஏதோ எழுதியிருக்கே, படிக்கவே முடியலையேப்பா?”

கேமராவில் குறையில்லை. போகிற வழியில் செயலி படத்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்துவிட்டது. எந்தப் பகுதி முக்கியம் என்று அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால் குறைக்கிற வேலையை நாமே செய்வோம். ஒரே ஒரு தடவை, மூலப் படத்திலிருந்து. இந்த வழிகாட்டி முழுவதும் அதைத்தான் சொல்கிறது.

முதலில், எது அளவு?

“படம் பெரிசா இருக்கு” என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று பிக்சல் அளவு, அதாவது அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்பது. இன்னொன்று கோப்பின் கனம், எத்தனை கேபி, எத்தனை எம்பி என்பது. 12 மெகாபிக்சல் போன் படம் சுமாராக 4000 × 3000. பெருக்கினால் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். அதே படத்தை அழுத்தமாகச் சுருக்கி 1 எம்பியிலும் சேமிக்கலாம், தாராளமாக 6 எம்பியிலும் சேமிக்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, கனம் மட்டும் மாறும்.

இப்போது பார்க்கிறவர் பக்கம் வருவோம். சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள்தான் இருக்கின்றன, ஏறக்குறைய இருபத்தொரு லட்சம். நம் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளில் பெரும்பகுதியை அந்தத் திரையால் ஒரே நேரத்தில் காட்டவே முடியாது. பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் அவை பயன்படும். இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள்: நீளத்தைப் பாதியாக்கினால் மொத்தப் புள்ளிகள் கால்வாசியாகிவிடும். 4000 × 3000 படத்தை 2048 × 1536 ஆக்கினால் முப்பது லட்சத்துச் சொச்சம் மிஞ்சும். திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது, கனமோ பெருமளவு இறங்கிவிடும்.

டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற எண்ணைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். “வெப்புக்கு 72 வை, பிரிண்ட்டுக்கு 300 வை” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். திரையில் பார்ப்பதற்கு அந்த எண் எதையும் மாற்றாது. 1600 × 1200 படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் திரையில் ஒரே படம்தான். காகிதத்தில் அச்சிடும்போதுதான் அதற்குப் பொருள் வரும்: 6 × 4 அங்குலப் படம் நன்றாக வர 1800 × 1200 புள்ளிகள் வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300.

படி 1: மூலப் படத்தை ஒதுக்கி வையுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

2009-ல் தாத்தாவின் சதாபிஷேகம் நடந்தது. ஊரில் இல்லாத உறவினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப, எல்லாப் படங்களையும் 640 × 480-க்குக் குறைத்தேன். குறைத்ததை அதே பெயரில், அதே ஃபோல்டரில், மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். கேமராவின் அட்டையையும் காலி செய்தாகிவிட்டது. சில வருடம் கழித்துத் தாத்தா போனார். மாட்டுவதற்கு நல்ல படம் வேண்டும் என்று தேடியபோது, அவர் வாய்விட்டுச் சிரிக்கிற அந்த ஒரு படம் கிடைத்தது. 640 × 480. அச்சில் தெளிவாக வரவேண்டுமென்றால் இரண்டு அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். பாட்டி அதைத்தான் வேண்டும் என்றார். பெரிதாக்கி மாட்டினோம், கிட்டே போனால் முகம் கலங்கிவிடும். இன்றுவரை அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

ஆகவே, பகிர்வதற்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை முதலிலேயே உருவாக்குங்கள். குறைத்த படம் எப்போதும் அங்கேதான் போக வேண்டும். பெயரிலும் ஒரு அடையாளம் சேருங்கள்: ‘தாராசுரம்-07-சிறியது’ என்பது போல. வேலை செய்யும் மென்பொருளில் ‘சேவ்’ என்பதை அழுத்தும் பழக்கத்தை விட்டு, எப்போதும் ‘சேவ் ஆஸ்’ என்று போங்கள்.

படி 2: எங்கே போகப்போகிறது என்று தீர்மானியுங்கள்

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே அளவு கிடையாது.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும், தரமும் சுருங்கும். 2023 ஆகஸ்டில் ஹெச்டி என்ற தேர்வு வந்தது. அனுப்புகிற திரையில் மேலே இருக்கும் அந்தப் பொத்தானைத் தட்டினால் நிறையவே விவரம் தங்கும். படம் ஒரு துளியும் மாறாமல் போக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், 2 ஜிபி வரை இடமுண்டு.

பேஸ்புக்கில் நீளப்பக்கத்தை 2048 ஆக வைத்தால் பொதுவாக நல்ல பலன் கிடைக்கும். 720, 960, 2048 ஆகிய அகலங்களைத்தான் அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. இன்ஸ்டாகிராமில் அகலம் 1080-ஐத் தாண்டினால் அது தானே 1080-க்கு இறக்கிவிடும். நெடுக்குப் படத்துக்கு 1080 × 1350 பாதுகாப்பான அளவு. 2025-லிருந்து இன்னும் கொஞ்சம் நீளமான 3:4 விகிதத்தையும் ஏற்கிறது.

ஜிமெயிலில் மொத்த இணைப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். பத்து படம் அனுப்ப 1600 பிக்சல் போதும். சொந்த வலைப்பதிவு என்றால் பத்தியின் அகலத்தைப் பாருங்கள். 1200-லிருந்து 1600 வரை வைப்பது என் வழக்கம். கிராமத்தில் பலவீனமான சிக்னலில் வாசிக்கிறவரை நினைத்து, ஒரு படம் 300 கேபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான படங்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்துக்கு மட்டும் இந்த வழிகாட்டியை மறந்துவிடுங்கள். கோயில், பறவை, ஊர்த் திருவிழா என்று எதை அங்கே ஏற்றினாலும் முழு அளவிலேயே ஏற்றுங்கள். கட்டுரைக்குத் தேவையான சின்ன அளவை அந்தத் தளமே செய்துகொள்ளும். நாம் குறைத்துக் கொடுத்தால் நாளைக்கு ஆய்வு செய்ய வருகிறவருக்கு விவரம் இருக்காது.

படி 3: குறைப்பதற்கு முன் வெட்டுங்கள்

நிறையப் பேர் நேராக அளவைக் குறைக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் விவரத்தைக் காப்பாற்றுகிற வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

அந்தத் தாராசுரப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 4000 பிக்சல் அகலத்தில் கல்லெழுத்து இருக்கிற பட்டை 900 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் 1600-க்குக் குறைத்தால் அந்தப் பட்டை 360 பிக்சலாகிவிடும், எழுத்து கரைந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு படமாக அனுப்பலாம்: சிற்ப வரிசை முழுவதும் தெரிகிற ஒன்று 1600-ல், எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த இன்னொன்று 900 பிக்சலிலேயே, ஒரு புள்ளியும் குறைக்காமல். அப்படித்தான் மறுபடி அனுப்பினேன். பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படித்து, அந்த நாயன்மாரின் கதையையும் சேர்த்து நாலு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார்.

சாய்ந்திருந்தால் நேராக்குவதும் இப்போதே. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் செருப்பு, குப்பைத்தொட்டி, யாரோ ஒருவரின் முழங்கை எல்லாவற்றையும் இப்போதே வெட்டுங்கள். வெளிச்சம், நிறம் திருத்துவதும் முழு அளவில் இருக்கும்போதே முடிய வேண்டும். குறைத்த பிறகு திருத்தினால் படம் தாங்காது.

படி 4: அளவைக் குறையுங்கள்

விண்டோஸில் நான் பயன்படுத்துவது இர்ஃபான்வியூ. 1996-லிருந்து வருகிற சின்ன மென்பொருள், சொந்த உபயோகத்துக்கு இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

1. படத்தைத் திறந்து கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். அளவு மாற்றும் பெட்டி வரும்.
2. ‘பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாவிட்டால் முகம் இழுபட்டு நீண்டுபோகும்.
3. நீளமான பக்கத்துக்கு மட்டும் எண்ணைக் கொடுங்கள். மற்றது தானாக வரும்.
4. ‘ரீசாம்பிள்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டரில் லான்சோஸ் வையுங்கள். பக்கத்திலிருக்கும் ‘ரீசைஸ்’ என்பது வேகமானது, ஆனால் தரம் குறைவு.
5. ஓகே கொடுத்துவிட்டு, சேமிக்கும் முன் படத்தை நூறு சதவீதத்தில் ஒரு தடவை பாருங்கள்.

நாலாவதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குறைப்பது என்பது புள்ளிகளைத் தூக்கி எறிவது மட்டும் அல்ல. மட்டமான முறை நாலு புள்ளியில் மூன்றை எறிந்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளும். நல்ல முறை அக்கம்பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் கலந்து புதுப் புள்ளியைக் கணக்கிடும். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமா? பொடிக்கட்டம் போட்ட சுங்குடியோ, நெருக்கமான ஜரிகைக் கோடு போட்ட பட்டோ உடுத்தியவரின் படத்தை மட்டமான முறையில் குறைத்துப் பாருங்கள். புடவையில் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். கோபுரத்தின் நெருக்கமான வேலைப்பாட்டிலும், ஓட்டுக்கூரை வரிசையிலும் இதே கதைதான். புடவை விற்பதற்காகப் படம் போடுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அந்த அலையைப் பார்த்து வாங்குகிறவர் அதுதான் டிசைன் என்று நினைத்துவிடுவார்.

லினக்ஸில் இருப்பவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ‘இமேஜ்’ பட்டியலிலிருந்து ‘ஸ்கேல் இமேஜ்’ போகலாம். அங்கே இன்டர்போலேஷன், அதாவது புதுப் புள்ளியைக் கணக்கிடும் முறை, ‘நன்’ (None) என்று மட்டும் இருக்கக் கூடாது. மேக்கில் ‘பிரிவ்யூ’ திறந்து ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘அட்ஜஸ்ட் சைஸ்’. எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால் ஸ்குவூஷ் என்ற இணையச் செயலி இருக்கிறது, கூகுளின் குரோம் குழுவினர் செய்தது. பிரவுசரில் ஓடினாலும் படம் உங்கள் கருவியைவிட்டு வெளியே போவதில்லை. நடுவில் ஒரு கோடு இருக்கும். அதை இழுத்து இழுத்து மூலத்தையும் குறைத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

சின்னப் படத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்பார்கள். எண்ணைப் பெரிதாகக் கொடுக்கலாம், இல்லாத விவரம் வராது.

படி 5: கொஞ்சம் கூர்மை

குறைத்ததும் படம் லேசாக மென்மையாகத் தெரியும். அதனால் கடைசியாகச் சற்றுக் கூர்மையாக்க வேண்டும். கிம்ப்பில் ‘ஷார்ப்பன் – அன்ஷார்ப் மாஸ்க்’ திறந்தால் ரேடியஸ், அதாவது விளிம்பைச் சுற்றிக் கூர்மை பரவும் தூரம், 3 என்று இருக்கும். திரைக்கு அது ரொம்பவே அதிகம். 0.5 பக்கம் கொண்டுவாருங்கள். தலைமுடியைச் சுற்றியோ கோபுர விளிம்பைச் சுற்றியோ வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். குழந்தைகள் முகத்துக்கு நான் கூர்மையே சேர்ப்பதில்லை.

படி 6: எந்த வடிவத்தில், எவ்வளவு தரத்தில்

புகைப்படத்துக்கு ஜேபெக். 1992-லிருந்து இருக்கிறது, எந்தக் கருவியிலும் திறக்கும். எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட், சின்னம், வரைபடம் என்றால் பிஎன்ஜி. ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் வெப்பி (WebP) வடிவத்தையும் பார்க்கலாம், கனம் இன்னும் குறையும். ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமரா ஹெச்ஈஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. பழைய விண்டோஸ் கணினியிலும் பல விண்ணப்பத் தளங்களிலும் அது திறக்காது, ஜேபெக்காக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

ஜேபெக்கில் தரம் என்று 1 முதல் 100 வரை ஒரு எண் கேட்கும். அது சதவீதம் இல்லை. ஒரு மென்பொருளின் 80-ம் இன்னொன்றின் 80-ம் ஒன்றல்ல. பெரும்பாலான படத்துக்கு 80-லிருந்து 85 போதும். 100 வைத்தால் கனம் மளமளவென்று ஏறும், கண்ணுக்கு ஒன்றும் கூடாது. 60-க்குக் கீழே போனால் நீல வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஜேபெக் படத்தை 8 × 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. அந்தச் சதுரங்கள்தான் அவை.

சிவப்பு நிறத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜேபெக் வெளிச்சத்தைக் கவனமாகக் காப்பாற்றும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்ளும். மற்ற நிறங்களில் இது தெரியாது. ஆனால் அரக்குப் பட்டின் கரை, நெற்றிக் குங்குமம், சிவப்பு எழுத்துப் பதாகை இவற்றின் விளிம்பு கசிந்தது போலாகிவிடும். அப்படித் தெரிந்தால் இர்ஃபான்வியூவின் சேமிப்புப் பெட்டியில் குரோமா சப்சாம்பிளிங்கை, அதாவது இந்த நிறக் குறைப்பை, நிறுத்தும் டிக்கைப் போடுங்கள். கிம்ப்பில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கனம் சற்றுக் கூடும், நிறம் நிற்கும்.

ஒரு ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். குழுவிலிருந்து குழுவுக்குப் பதிவிறக்கி ஏற்றி, பதிவிறக்கி ஏற்றி வருகிற பழைய ஊர்ப் படங்களெல்லாம் ஏன் அப்படிக் கலங்கியிருக்கின்றன என்று இப்போது புரியும்.

நிறவெளி, அதாவது படத்தில் எந்தெந்த நிறங்கள் அடங்கும் என்ற வரையறை, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தால் அந்தப் படம் சில செயலிகளில் வெளிறித் தெரியும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி-தான்.

படி 7: படத்தோடு போகிற விலாசம்

போனில் இருப்பிடத்தைக் காட்டும் லொகேஷன் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். கோயில் படத்துக்கு அது நல்லது. வீட்டு வாசலில் விளையாடும் குழந்தையின் படத்துக்கு அது ஆபத்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும். இதைத் தெரியாமல் பலர் அனுப்புகிறார்கள்.

நீக்குவது எளிது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டீட்டெய்ல்ஸ்’ என்று போனால் அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் இணைப்பு இருக்கும். ஐபோனில் ‘ஷேர்’ திரையின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு லொகேஷனை அணைக்கலாம். இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது எக்ஸிஃப் விவரத்தை (கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் இடம், நேரம் போன்றவை) வைத்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

நூறு படம் இருந்தால்

கல்யாணம், காதுகுத்து என்றால் ஒன்றொன்றாகச் செய்ய முடியாது. இர்ஃபான்வியூவைத் திறந்து பி எழுத்தை அழுத்துங்கள், தொகுப்பாக மாற்றும் திரை வரும். படங்களைச் சேர்த்துவிட்டு ‘அட்வான்ஸ்டு’ பொத்தானில் நீளப்பக்கத்துக்கு 2048 கொடுங்கள். அகலத்துக்கு மட்டும் எண் கொடுத்தால் நெடுக்குப் படங்கள் பெரிதாகவே நின்றுவிடும், அதனால்தான் நீளப்பக்கம். சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்ற டிக்கையும் போடுங்கள். வெளியீட்டு ஃபோல்டர் மூலப் படங்களின் ஃபோல்டராக இருக்கக் கூடாது. தொடங்கு பொத்தானை அழுத்தும் முன் இதை இரண்டு முறை பார்க்கிறேன், காரணம் உங்களுக்குத் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித்தொகுப்பை நிறுவியிருந்தால், படங்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம்.

விண்ணப்பப் படம்

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கடைசி நாளில் தவிப்பது இதில்தான். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் 200 × 230 பிக்சலில், 20-லிருந்து 50 கேபிக்குள் முகப்படம் கேட்கும். கையெழுத்து 140 × 60 பிக்சலில், 10-லிருந்து 20 கேபிக்குள். மற்றத் தேர்வுகளுக்கு அளவு வேறாக இருக்கலாம், அந்தந்த அறிவிக்கையைப் பாருங்கள்.

முறை ஒன்றுதான். முதலில் 200-க்கு 230 என்ற விகிதத்தில் முகத்தை வெட்டுங்கள். அப்புறம் 200 × 230-க்குக் குறையுங்கள். வெட்டாமல் நேராக எண்ணைத் திணித்தால் முகம் சப்பையாகிவிடும், அடையாளம் சரிபார்க்கும் இடத்தில் சிக்கல் வரும். 20 கேபிக்குக் கீழே போய்விட்டால் தர எண்ணை ஏற்றுங்கள், 50-ஐத் தாண்டினால் இறக்குங்கள். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கருப்பு மையில் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆதார் எண் தெரிகிற தாளையோ சான்றிதழையோ முன்பின் தெரியாத ‘இலவச ரீசைஸ்’ தளங்களில் ஏற்றாதீர்கள். கணினியிலோ ஸ்குவூஷிலோ செய்துகொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன்

குறைத்த படத்தைப் போனில் ஒரு தடவை, முடிந்தால் வீட்டிலிருக்கும் வேறொருவரின் போனிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். படுக்கையாகத் திரும்பியிருக்கிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா, எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது சரியில்லையென்றால் குறைத்த படத்தைச் சரிசெய்ய முயலாதீர்கள். அதை அழித்துவிட்டு மூலப் படத்தைத் திறந்து மூன்றாவது படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். கை பழகிவிட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.